ஃபிளட்டரின் திரைச் சுழற்சிக் கட்டுப்பாடு: போனுக்குப் போதும், டெப்பில் நம்பக்கூடாது

ரியூசன் வகுப்பு வீடியோ, நகைக்கடைப் பில், கோயில் நேரலை என்று யாழ்ப்பாணத்தில் சின்ன அணிகள் எழுதிக் கொடுக்கிற செயலிகள் எல்லாவற்றிலும் ஒரு கேள்வி வரும்: பாவிக்கிறவர் போனைச் சரித்தால் திரையும் சேர்ந்து சரிய வேண்டுமா, நிமிர்ந்தபடியே நிற்க வேண்டுமா? ஃபிளட்டரில், அதாவது ஒரே நிரலில் அன்ட்ரொயிட்டுக்கும் ஐபோனுக்கும் செயலி எழுத உதவும் கூகிளின் கருவியில், இதற்கு ஒரே ஒரு கட்டளைதான் இருக்கிறது. சிஸ்டம்குரோம் வகுப்பில் உள்ள செட் பிரிஃபேர்ட் ஓரியன்டேஷன்ஸ். போர்ட்ரெயிட் அப், போர்ட்ரெயிட் டவுன் (நிமிர்ந்த நிலைகள்), லாண்ட்ஸ்கேப் லெஃப்ட், லாண்ட்ஸ்கேப் ரைட் (கிடை நிலைகள்) என்ற நாலில் எவை வேண்டுமோ அவற்றைப் பட்டியலாகக் கொடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் எல்லாப் பயிற்சிக் கட்டுரைகளும் சொல்கின்றன.

வேலை அவ்வளவோடு முடிவதில்லை. போனில் மட்டும் ஓடும் செயலி, தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே நிலை என்றால் இதைவிட லேசான வழி கிடையாது, தாராளமாகப் பாவிக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் நிலை மாற வேண்டுமென்றால் கவனம் வேண்டும். டெப்பில் ஓடப்போகிற செயலியின் வடிவமைப்பை இந்தக் கட்டளையை நம்பிக் கட்டவே கூடாது.

முதலில் லேசான பகுதி. செயலி தொடங்கும் இடமான மெயினுக்குள், திரையை வரையத் தொடங்கும் ரன் அப் அழைப்புக்கு முன்னால், ஃபிளட்டரைப் போனின் அமைப்போடு இணைக்கிற விட்ஜெற்ஸ் ஃபிளட்டர் பைன்டிங்கின் என்ஷுவர் இனிஷியலைஸ்டை அழைத்துவிட்டு, அவெயிட் (முடியும்வரை காத்திரு என்ற சொல்) போட்டு இந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். என்ஷுவர் இனிஷியலைஸ்டை விட்டால் பைன்டிங் தயாரில்லை என்ற பிழையோடு செயலி தொடக்கத்திலேயே நின்றுவிடும். அவெயிட்டை விட்டால் செயலி நிற்காது. ஆனால் முதல் பக்கம் வரைபட்ட பிறகு திரை திரும்பக்கூடும்.

அவெயிட் போட்டாலும் ஒரு இடைவெளி மிஞ்சும். ஃபிளட்டரின் மொழியான டார்ட்டில் எழுதிய நிரல் ஓடத் தொடங்குவதற்கு முன்னரே தொடக்கத் திரை வந்துவிடுகிறது. போனைச் சரித்துப் பிடித்தபடி செயலியைத் திறந்தால் சின்னம் கிடையாகத் தோன்றி, பிறகு வெடுக்கென்று நிமிரும். வேகம் குறைந்த பழைய போன்களில் இது நன்றாகவே கண்ணில் படும். அன்ட்ரொயிட் பக்கத்தில் தீர்வு, செயலியின் அமைப்புகளை எழுதும் மெனிஃபெஸ்ட் கோப்பில் மெயின் அக்டிவிற்றிக்கு (செயலியின் முதன்மைத் திரைக்கு) ஸ்கிரீன் ஓரியன்டேஷன் என்ற பண்பைப் போர்ட்ரெயிட் என்று எழுதிவிடுவது. இப்படி எழுதிய பிறகும் டார்ட்டிலிருந்து கிடை நிலையைக் கேட்கலாம், கிடைக்கும். ஓடும்போது கேட்பது மெனிஃபெஸ்ட்டில் எழுதியதை மேவும்.

ஐபோனில் கதை வேறு. மெனிஃபெஸ்ட் போன்ற இன்ஃபோ பிளிஸ்ட் கோப்பில் போர்ட்ரெயிட் மட்டும் இருந்தால், டார்ட்டில் எவ்வளவு கேட்டாலும் திரை கிடைக்குப் போகாது. செயலி மொத்தமாக எந்த நிலைகளை ஏற்கிறது, இப்போதைய பக்கம் எவற்றை ஏற்கிறது என்ற இரண்டையும் ஐஓஎஸ் பார்த்து, இரண்டிலும் உள்ளதை மட்டுமே அனுமதிக்கும். பாவனையாளருக்கு எந்தப் பிழைச் செய்தியும் தெரியாது, பொத்தானை அழுத்த ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான். தொடக்கம் நிமிர்ந்தே வர வேண்டும், வீடியோ பக்கம் கிடையாகவும் போக வேண்டும் என்றால், பிளிஸ்ட்டில் போர்ட்ரெயிட் மட்டும் வைத்து, செயலியின் ஐஓஎஸ் பக்க நிரலான அப் டெலிகேட்டில் ஏற்கும் நிலைகளைத் தருகிற முறையை எழுதி எல்லா நிலைகளையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த முறை இருந்தால் ஐஓஎஸ் பிளிஸ்ட்டில் எழுதியதைப் பார்க்காமல் அதன் விடையையே எடுத்துக்கொள்ளும்.

நாலு நிலைகளில் எதையெதைச் சேர்த்துக் கொடுக்கிறோம் என்பது அன்ட்ரொயிட்டில் பலர் நினைப்பதைவிட முக்கியம். அன்ட்ரொயிட்டிடம் பட்டியலைக் கொடுக்க முடியாது, ஒரே ஒரு குறியைத்தான் கொடுக்கலாம். ஆகவே ஃபிளட்டர் நம் பட்டியலைப் பார்த்துப் பொருத்தமான குறி ஒன்றைத் தேடுகிறது. போர்ட்ரெயிட் அப் மட்டும், இரண்டு லாண்ட்ஸ்கேப்பும் சேர்ந்து, போர்ட்ரெயிட் அப்போடு இரண்டு லாண்ட்ஸ்கேப்பும், அல்லது நாலும் சேர்ந்து என்றால் குறி உண்டு. போர்ட்ரெயிட் அப்பும் லாண்ட்ஸ்கேப் லெஃப்ட்டும் மட்டும் என்று கேட்டால் அப்படியொரு குறி அன்ட்ரொயிட்டில் கிடையாது. அப்போது பட்டியலில் முதலாவதாக எழுதியது மட்டும் எடுபடும், மற்றது சத்தமில்லாமல் விழுந்துபோகும். ஐபோனில் சரியாக வருகிறது, அன்ட்ரொயிட்டில் திரும்பவே மாட்டேன் என்கிறது என்ற முறைப்பாட்டுக்கு இதுதான் பல இடங்களில் காரணம். கிடை நிலை வேண்டுமென்றால் லெஃப்ட், ரைட் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

இன்னொரு நுணுக்கம். இரண்டு லாண்ட்ஸ்கேப்பையும் கொடுத்தால் ஃபிளட்டர் தெரிவது யூசர் லாண்ட்ஸ்கேப் என்ற குறியை. பாவனையாளர் போனின் தானியங்கிச் சுழற்சியை நிறுத்தி வைத்திருந்தால் திரை கிடைக்குப் போகும், ஆனால் போனை மறுபக்கம் தலைகீழாகத் திருப்பும்போது படம் தானாகத் திரும்பாது. சார்ஜர் வயர் செருகியிருப்பவர் வயர் இடிக்காத பக்கமாகப் போனைத் திருப்பிப் பிடித்தால் வீடியோ தலைகீழாக நிற்கும். அன்ட்ரொயிட்டில் சென்சர் லாண்ட்ஸ்கேப் என்ற வேறொரு குறி இருக்கிறது. பூட்டியிருந்தாலும் இரண்டு கிடைப் பக்கங்களுக்கும் அது திரும்பும். ஃபிளட்டரின் கட்டளையால் அதைக் கேட்க வழியில்லை. வேண்டுமானால் டார்ட்டிலிருந்து அன்ட்ரொயிட்டின் சொந்த நிரலை அழைக்கிற பிளாற்ஃபோம் சனல் வழியாகக் கொற்லின் மொழியில் எழுத வேண்டும். நாலைந்து வரி வேலைதான். வீடியோவையே முதன்மையாகக் கொண்ட செயலிக்கு அந்த உழைப்பு தகும்.

வெற்றுப் பட்டியலைக் கொடுத்தால் பழைய நிலைக்குப் போய்விடும் என்று நினைப்பதும் பிழை. மெனிஃபெஸ்ட்டில் போர்ட்ரெயிட் எழுதியிருந்தாலும் வெற்றுப் பட்டியல் அங்கே போய் நிற்காது. கட்டுப்பாடே இல்லாத நிலைக்குப் போகும், அதன் பிறகு எல்லாப் பக்கங்களும் சுழலத் தொடங்கும். நிமிர்ந்த நிலைக்குத் திரும்ப வேண்டுமென்றால் போர்ட்ரெயிட் அப் என்று வாய் திறந்து சொல்ல வேண்டும்.

குறைகளை இவ்வளவு சொன்ன பிறகு, ஃபிளட்டர் மிக வடிவாகச் செய்திருக்கிற ஒன்றையும் சொல்ல வேண்டும். சாதாரண அன்ட்ரொயிட் செயலியில் திரை சுழன்றால் அக்டிவிற்றி அழிந்து புதிதாகப் பிறக்கும். படிவத்தில் பாதி எழுதியது, உருட்டி வந்த இடம், ஓடிக்கொண்டிருந்த வீடியோ எல்லாவற்றையும் சேமித்து மீட்க நாமே எழுத வேண்டும். ஃபிளட்டரின் வார்ப்புரு மெனிஃபெஸ்ட்டிலேயே கொன்ஃபிக் சேஞ்சஸ் என்ற பண்பில் ஓரியன்டேஷன், ஸ்கிரீன் சைஸ், கீபோர்ட் முதலிய எல்லாவற்றையும் எழுதித் தருகிறது. அதனால் சுழற்சியின்போது அக்டிவிற்றி அப்படியே இருக்கும், டார்ட் பக்கத்தில் இவை எதுவும் தொலையாது. அந்த நீண்ட வரியைத் தேவையில்லை என்று யாரும் வெட்டிவிடாதீர்கள். ஓரியன்டேஷனை மட்டும் விட்டு ஸ்கிரீன் சைஸை எடுத்தாலே போதும், சுழற்றும்போது செயலி முதல் பக்கத்துக்குப் போய் நிற்கும். அன்ட்ரொயிட் 3.2 முதல் இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது விதி.

இனி வீடியோ பக்கம். கரைச்சல் கூட இங்கேதான். இந்தக் கட்டளை ஒரு பக்கத்துக்கு உரியதன்று, முழுச் செயலிக்கும் உரியது. கடைசியாக யார் கொடுத்தாரோ அவர் சொன்னதே நிற்கும். பெரும்பாலானவர்கள் பக்கம் பிறக்கும்போது ஓடும் இனிட் ஸ்டேட்டில் கிடை நிலையைக் கேட்டு, பக்கம் அழியும்போது ஓடும் டிஸ்போஸில் நிமிர்ந்த நிலைக்குத் திருப்புகிறார்கள். பின் பொத்தானை அழுத்தியவுடன் டிஸ்போஸ் ஓடும் என்பது அவர்கள் எண்ணம். உண்மையில் பக்கம் விலகும் அசைவு முடிந்த பிறகுதான் அது ஓடும். அந்தக் கண நேரத்துக்குள் பழைய பாடப்பட்டியல் கிடைத் திரையில் நசுங்கித் தெரிந்து, பிறகு நிமிரும். இதைத் தவிர்க்க, பொப் ஸ்கோப் கொண்டு பின் பொத்தானைப் பிடித்து, முதலில் போர்ட்ரெயிட் அப்பைக் கேட்டு அவெயிட் போட்டு, அதற்குப் பிறகு பக்கத்தை விலக்க வேண்டும்.

இதைவிட மோசமானது புஷ் ரீபிளேஸ்மன்ட். முதலாம் பாட வீடியோ முடிந்து இரண்டாம் பாட வீடியோ அதன் இடத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய பக்கத்தின் இனிட் ஸ்டேட் முதலில் ஓடிக் கிடை நிலையைக் கேட்கும். அசைவு முடிந்ததும் பழைய பக்கத்தின் டிஸ்போஸ் ஓடி, போர்ட்ரெயிட் அப்பைக் கேட்கும். முடிவு, இரண்டாவது வீடியோ கிடையாகத் தொடங்கி உடனே நிமிர்ந்துவிடும். நிரலில் ஒவ்வொரு பக்கமும் தனியே பார்த்தால் சரியாகத்தான் இருக்கும், அதனால் பிழை எங்கே என்று தேடியே களைத்துப்போவீர்கள். எங்கள் பரிந்துரை: பக்கங்கள் நேரடியாக இந்தக் கட்டளையைத் தொடவே கூடாது. பக்கங்கள் மாறுவதைக் கவனிக்கிற ரூட் ஒப்சேர்வர் ஒன்றை வைத்து, இப்போது மேலே நிற்பது எந்தப் பக்கம், அதற்கு எந்த நிலை என்று ஒரே இடத்தில் முடிவெடுங்கள்.

எல்லா வீடியோவையும் கிடையாகவே திறப்பதும் நல்ல பழக்கமன்று. நல்லூர்த் தேரை ஒருவர் போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்திருந்தால், அது முடி முதல் சில்லு வரை உயரமாக நிற்கிற படம். அதைக் கிடைத் திரையில் போட்டால் இரு பக்கமும் கறுப்பு, நடுவில் ஒரு கீற்று. வீடியோ பிளேயர் பொதி, கோப்பு தயாரானதும் அஸ்பெக்ட் ரேஷியோ என்ற எண்ணைத் தருகிறது. அது 1-ஐ விடக் கூடினால் மட்டும் கிடை நிலையைக் கேளுங்கள். கரும்பலகைப் பாடங்கள் 16:9 என்றால் 1.78 வரும், நிமிர்த்தி எடுத்த படம் 0.56 வரும். முடிவெடுக்க அந்த ஒரு எண் போதும்.

முழுத்திரையில் வீடியோ பார்க்கிறவர் போனை நிமிர்த்தினால் முழுத்திரையிலிருந்து வெளியே வர வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பார். கிடை நிலையில் பூட்டிய பிறகு, போன் உண்மையில் எந்தப் பக்கம் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதை ஃபிளட்டர் சொல்லாது. சென்சர்ஸ் பிளஸ் போன்ற பொதியால் முடுக்கமானியைப் படிக்க வேண்டும். நிமிர்த்திப் பிடித்தால் ஒய் அச்சில் ஏறக்குறைய 9.8, சரித்துப் பிடித்தால் எக்ஸ் அச்சில் அதே அளவு, கூட்டல் குறியோடோ கழித்தல் குறியோடோ வரும். மேசையில் படுக்க வைத்தால் இரண்டும் பூச்சியத்துக்குக் கிட்ட, எல்லாம் இசெட் அச்சில். ஒய் 7-ஐத் தாண்டி, எக்ஸ் 4-க்குக் குறைந்து, அரைச் செக்கன் அப்படியே நின்றால்தான் நிமிர்ந்தது என்று கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பஸ் குலுக்கத்திலேயே திரை மாறி மாறித் திரும்பும். தானியங்கிச் சுழற்சியை நிறுத்தி வைத்திருப்பவருக்கு இதைச் செய்யவே கூடாது. படுத்திருந்து பார்ப்பதற்காகத்தான் பலர் அதை நிறுத்துகிறார்கள். அந்த அமைப்பு எப்படி இருக்கிறது என்பதை இந்தப் பொதி அறியாது, அதையும் அன்ட்ரொயிட் பக்கத்தில் படித்து எடுக்க வேண்டும்.

பூட்டாமல் விட்டால் நிலையை எப்படி அறிவது? ஃபிளட்டரில் இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் ஒன்றல்ல. மீடியா குவெரியிடம் கேட்பது முழுத் திரையின் அளவை வைத்து விடை சொல்லும். ஓரியன்டேஷன் பில்டர் தனக்குக் கிடைத்த இடத்தின் அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டு, அகலம் கூடினால் கிடை என்று சொல்லும். போன் நிமிர்ந்திருந்தாலும் அப்படித்தான். மாணவர் பதிவுப் படிவம் ஒன்றை எடுங்கள். திரை 360-க்கு 640. பெயர்ப் பெட்டியைத் தொட்டதும் விசைப்பலகை 280 எடுக்கிறது, மேற்பட்டையும் நிலைப்பட்டையும் 80. மிச்ச உயரம் 280, அகலமோ 360. ஓரியன்டேஷன் பில்டர் கிடை என்று முடிவெடுத்து இரண்டு நிரல் (நெடுவரிசை) வடிவத்தை வரையும். பழைய பெயர்ப் பெட்டி அழியும், விசைப்பலகை மூடும், உயரம் திரும்பி வரும், மறுபடி ஒரு நிரல். பாவனையாளருக்குத் தெரிவது ஒன்றுதான்: பெட்டியைத் தொட்டால் விசைப்பலகை எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடுகிறது. ஒரு எழுத்துக்கூட எழுத முடியாது. படிவம் உள்ள பக்கங்களில் மீடியா குவெரியின் ஓரியன்டேஷன் ஒஃப் முறையை மட்டும் பாவியுங்கள். விசைப்பலகை வந்தாலும் அது தரும் அளவு மாறாது.

டெப்புக்கு வருவோம். கஸ்தூரியார் வீதி நகைக்கடை ஒன்றின் மேசையில் தாங்கியில் கிடையாக நிற்கிற டெப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நிறை, பவுண் விலை, சேதாரம், செய்கூலி, மொத்தம் என்று ஐந்து நிரல்கள். கிடையாகவே நிற்கும் என்று நம்பி, அந்த அகலத்துக்கே எல்லாம் வரையப்பட்டிருக்கிறது. 2025-இல் வந்த அன்ட்ரொயிட் 16 இந்த நம்பிக்கையை எடுத்துவிட்டது. செயலி ஏபிஐ 36-ஐ (அன்ட்ரொயிட் 16-இன் பதிப்பு எண்) இலக்காக வைத்து, திரையின் குறுகிய பக்கம் 600 டிபி (திரை அளவின் அலகு) அல்லது அதற்கு மேல் என்றால், நிலைப் பூட்டை அமைப்பு கணக்கிலேயே எடுக்காது. விற்பனையாளர் பில்லைக் காட்ட டெப்பை நிமிர்த்தித் திருப்பினால் திரையும் திரும்பும். சோதனைப் பதிப்பில் மஞ்சளும் கறுப்புமான கோடுகள் நிரம்பிவழிவதைக் காட்டிக் கொடுக்கும். வெளியீட்டுப் பதிப்பில் அந்தக் கோடுகள் வராது, கடைசி நிரல் வெறுமனே வெட்டுப்பட்டுப் போகும். இங்கே கடைசி நிரல் மொத்தத் தொகை.

விளையாட்டுச் செயலிகளுக்கு விலக்கு உண்டு. மற்றவற்றுக்கும் மெனிஃபெஸ்ட்டில் ஒரு பண்பு எழுதி 36-இல் தப்பலாம், ஆனால் 37-ஐ இலக்காக வைத்தால் அந்த வாசலும் மூடும் என்று கூகிள் அறிவித்திருக்கிறது. பிளே ஸ்டோர் இலக்கு எண்ணை உயர்த்திக்கொண்டே வருகிறது. 2025 ஓகஸ்ட் 31 முதல் புதிய செயலிகளுக்கு 35 கட்டாயம். தப்பும் வழியில் காலம் கடத்துவதால் ஒரு பயனும் இல்லை.

ஐபாட்டிலும் இதே போக்குத்தான். பல செயலிகளைப் பக்கம் பக்கமாக வைக்கிற வசதி இருக்கும்வரை ஃபிளட்டரின் பூட்டு அங்கே எடுபடாது. இன்ஃபோ பிளிஸ்ட்டில் முழுத்திரை கட்டாயம் என்று எழுதினால்தான் எடுபடும். ஐபாட் ஓஎஸ் 26-இல் அந்தப் பண்பையே கைவிடப்போவதாக அப்பிள் குறித்துவிட்டது.

ஆகவே டெப்பில் நிலையைக் கேட்காதீர்கள், அகலத்தைக் கேளுங்கள். லேஅவுட் பில்டர் தருகிற அகலம் 600-க்குக் குறைந்தால் பில்லின் ஒவ்வொரு உருப்படியும் ஒரு அட்டை, ஐந்து விபரமும் கீழ்க்கீழாக. 600 முதல் 839 வரை மூன்று நிரல், சேதாரமும் செய்கூலியும் விலைக்குக் கீழே சின்ன எழுத்தில். 840-உம் அதற்கு மேலும் என்றால் ஐந்து நிரலும். இந்த எல்லைகள் கூகிளின் மெற்றீரியல் வடிவமைப்பு வழிகாட்டியில் உள்ளவை. இப்படி எழுதிய பக்கம் பாதித் திரையில் வேறு செயலியோடு திறந்தாலும் குலையாது. அன்ட்ரொயிட் 7 வந்த 2016 முதலே பிரித்த திரையில் நிலைப் பூட்டு எடுபடுவதில்லை என்பதால் போனுக்கும் இது பயன்படும்.

வாசிக்கிற பக்கங்களை, அதாவது குறிப்புகள், செய்தி, பஸ் நேர அட்டவணை போன்றவற்றை, பூட்டாமல் விடுவதே மேல். அன்ட்ரொயிட் 9 முதல், தானியங்கிச் சுழற்சியை நிறுத்தியவர் போனைச் சரித்தால் கீழ்ப்பட்டையில் ஒரு சின்னச் சுழற்சிப் பொத்தான் வரும். நீங்கள் போர்ட்ரெயிட் என்று பூட்டினால் அந்தப் பொத்தானும் வராது. எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கிற வயதானவர்களுக்குக் கிடை நிலை பெரிய உதவி, அதைப் பறிக்காதீர்கள். கிடை நிலையில் கமெரா வெட்டு பக்கவாட்டுக்கு வரும் என்பதால் வெட்டு மறைக்காத பகுதிக்குள் வரைகிற சேஃப் ஏரியாவை மட்டும் மறக்க வேண்டாம்.

ஃபிளட்டர் போன்ற இன்னொரு கருவியான ரியாக்ட் நேற்றிவ்வில் வேலை செய்கிறவர்களுக்கு எக்ஸ்போவின் ஸ்கிரீன் ஓரியன்டேஷன் பொதி இருக்கிறது. பூட்ட, திறக்க, மாற்றத்தைக் கேட்டிருக்க என்று தனித்தனி முறைகள் உள்ளதால் நிரல் வாசிக்கத் தெளிவாக இருக்கும். ஐபாட்டின் முழுத்திரை நிபந்தனையும் அன்ட்ரொயிட் 16-இன் விதியும் அதற்கும் அப்படியே பொருந்தும். இதற்காக மட்டும் ஃபிளட்டரை விட்டு மாறத் தேவையில்லை.

சோதிக்கும்போது போனைக் கையால் சுழற்றிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். தானியங்கிச் சுழற்சி போட்டும் நிறுத்தியும் இரண்டு தடவை, கிடையாகப் பிடித்தபடி செயலியைத் திறந்து ஒரு தடவை, வீடியோ ஓடும்போது பின் பொத்தானை அழுத்தி ஒரு தடவை, பிரித்த திரையில் ஒரு தடவை. டெப் கையில் இல்லாதவர்கள் கணினியில் ஓடும் போலிச் சாதனமான எமுலேற்றரில் டெப் ஒன்றை உருவாக்கி, கணினியிலிருந்து அன்ட்ரொயிட்டுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி ஷெல்லில் டபிள்யூஎம் கட்டளையின் செட் இக்னோர் ஓரியன்டேஷன் ரிக்குவெஸ்ட் என்ற பகுதிக்கு ட்ரூ கொடுங்கள். அன்ட்ரொயிட் 12 முதல் இது கிடைக்கிறது. செயலி கேட்கிற நிலைக்கு அமைப்பு திரையைத் திருப்பாதபோது உங்கள் பக்கங்கள் எப்படி நிற்கும் என்பது அங்கேயே தெரியும். பார்த்து முடிந்ததும் ஃபோல்ஸ் கொடுத்து மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த செயலியைச் சோதிக்கும்போது பூட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.